பினாங்குக்குப் புறப்பட்டுப் புதுவயல் போய்ச் சேர்ந்தேன்

நான் ஒரு முட்டாள். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் அந்தப் பெருமை உங்களுக்குப் போய்விடும். நிரந்தரமான சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிட்டு, கழுத்தில் மாலையோடு, ஊரே கூடி வழியனுப்ப, பினாங்குக்கு என்று கிளம்பினேன். போய்ச் சேர்ந்த முதல் இடம் எதிர்வீடு. இரண்டாவது இடம் புதுவயல். இரண்டுக்குமே கப்பல் கிடையாது.

வெளிநாட்டுப் பயணம் எழுதுகிறவர்கள் எல்லாரும் கடலைப் பற்றி எழுதுகிறார்கள். அலை என்கிறார்கள், தலைசுற்றல் என்கிறார்கள். நான் பட்ட பாடெல்லாம் தரையில்தான். தரையிலும் தலை சுற்றும் என்பதற்கு நான் சாட்சி.

வேலையை ஏன் விட்டாய் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் காரணம், ஒரு நாற்காலி. காரைக்குடியில் ஓர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். ஆபீசின் பெயர் வேண்டாம். அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குக் கொடுத்த மரநாற்காலியில் எனக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து உட்கார்ந்தே ஓய்வுபெற்றுப் போயிருந்தார். போகும்போது பலகையில் ஒரு பள்ளத்தை விட்டுவிட்டுப் போனார். சேர்ந்த புதிதில் அந்தப் பள்ளம் எனக்கு உறுத்தும். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவேன். வருஷங்கள் போயின. ஒருநாள் மத்தியானம் ஒரு காகிதக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று தெரிந்தது, பள்ளம் உறுத்தவில்லை. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி எனக்குப் பொருந்தியிருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது.

வீட்டுக்குப் போய் என் மனைவி பஞ்சவர்ணத்திடம் சொன்னேன்; அன்று முதல் சொல்லிக்கொண்டே இருந்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பசுவும்தான். பெரியப்பா மகன் பினாங்கில் மளிகைக்கடை வைத்திருந்தார். வந்து கூட இரு, பிற்பாடு தனியாகக் கடை போட்டுக்கொள் என்று அழைத்துக்கொண்டே இருந்தார். நான் முன்னே போவது, நிலைத்துக்கொண்டால் பஞ்சவர்ணத்தை அழைத்துக்கொள்வது, நிலைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை யோசிக்காமல் விட்டுவிடுவது. இதுதான் திட்டம்.

"ரெண்டு வருசமா அந்த நாக்காலியப் பத்தியே பேசுறீக," என்றாள். "இன்னுங் கொஞ்ச நாள் போனா அது எது, நீங்க எதுன்னு எனக்கே தெரியாமப் போயிரும். போங்க."

ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். கப்பலும் அமைந்தது. ஜோசியர்தான் குறுக்கே வந்தார். கப்பல் ஏறும் நாளும் அதற்கு முந்திய சில நாள்களும் ஆகாதாம். வியாழக்கிழமை காலை அருமையான நேரமாம். கப்பலோ அதற்கு நெடுநாள் கழித்து. இந்த மாதிரிச் சங்கடத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி வைத்திருக்கிறோம். நல்ல நேரத்தில் பெட்டியும் கையுமாக வீட்டைவிட்டு வெளியேறி, இன்னொருவர் வீட்டில் தங்கிக்கொள்வது. அங்கிருந்து சௌகரியப்படி ஊருக்குப் போவது. பரஸ்தானம் என்று பெயர். நாளையும் கோளையும் ஏமாற்ற இதைவிட நல்ல உபாயம் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை. வாசலைத் தாண்டியவன், போன காரியம் முடியாமல் திரும்ப வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. வைத்தால் அந்தக் காரியம் விளங்காது.

வியாழக்கிழமை காலை தெரு நிறைந்துவிட்டது. பினாங்கில் உறவுக்காரர் இல்லாத வீடு எங்கள் ஊரில் குறைவு. ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்தார்கள். சீடை, நார்த்தங்காய், உப்புக்கண்டம், மாவு உருண்டை. மேலத்தெரு மீனாட்சியக்கா ஒரு அம்மிக்குழவியை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அங்கன உள்ள கல்லுல மசாலா மைய அரையலைங்கிறா எந் தங்கச்சி. இத அவகிட்டச் சேத்துருங்க தம்பி."

"கப்பல் தாங்குமாக்கா?"

"கப்பல் தாங்கும். நீங்கதான் தாங்கணும்."

மாலை போட்டார்கள். குலவை போட்டார்கள். ஓர் அத்தை கட்டிப்பிடித்து அழுதார். எல்லாவற்றையும் திணித்த தகரப்பெட்டியைத் தூக்கினேன், குழவியின் பக்கமாகச் சாய்ந்தேன், நிமிர்ந்தேன், கம்பீரமாகத் தெருவைக் கடந்து வெள்ளைச்சாமி சித்தப்பா வீட்டுக்குள் நுழைந்தேன். என் வெளிநாட்டுப் பயணத்தின் முதல் கட்டம் இனிதே முடிந்தது.

எதிர்வீட்டிலிருந்து பார்த்தால் என் வீடு நன்றாகவே தெரிந்தது. சொந்த வீட்டை வெளிநாட்டிலிருந்து பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? பஞ்சவர்ணம் வாசல் தெளித்தாள். சாணி தட்டினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பினாங்கு போனவனை ஜன்னலில் எப்படிப் பார்ப்பாள்? பசு மட்டும் என்னைப் பார்த்துக் கத்தியது. அதற்குப் பரஸ்தானம் புரியவில்லை.

அந்நிய தேசத்துச் சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. சித்தி வைக்கும் குழம்பில் புளி கிடையாது. இருப்பதாக அவர் சொல்வார். எங்கள் வீட்டுக் குழம்பின் வாசனை தெருவைத் தாண்டி வந்துகொண்டிருக்கும்போது அதைச் சாப்பிடுவது சுலபமில்லை. எல்லாரும் ஊரைவிட்டு வெகுதூரம் போன பிறகுதான் வீட்டுச் சாப்பாட்டை நினைத்து ஏங்குவார்கள். நான் வாசனை எட்டும் தூரத்திலேயே ஏங்கினேன்.

அப்போதுதான் தந்தி வந்தது. பஞ்சவர்ணம் தெருவைக் கடந்துவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். கப்பலில் ஏதோ கோளாறாம். தாமதமாகுமாம். மறு தந்தி வருமாம்.

"எப்பன்னு போடலையே?" என்றேன்.

"வரும்போது வரும்," என்று சொல்லிவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

விஷயம் ஊரில் பரவியது. வழியனுப்பியவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன ராமையா, பினாங்குல வெயிலு எப்புடி?" என்றார் ஒருவர்.

"பரவாயில்ல. நம்ம ஊரு மாதிரிதான் இருக்கு," என்றேன்.

கட்டிப்பிடித்து அழுத அத்தைக்குத்தான் கோபம் தாங்கவில்லை. "போயிட்டான் போயிட்டான்னு அம்புட்டு அழுகை அழுதேனே, அந்த அழுகைய யாருடா திருப்பிக் குடுப்பா?" என்று வாசலில் நின்று கேட்டார்.

முதலில் உபசரித்த சித்தப்பாவும் ஒருநாள் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "ஏப்பா, கப்பல்காரன் உன்னய மறந்துட்டானா, இல்ல வந்து பாத்துட்டானா?"

இனிமேல் அங்கே இருந்தால் மரியாதை இல்லை. வீட்டுக்கும் போகக்கூடாது. வெளிநாடு போனவன் உள்ளூரிலேயே இருப்பதற்கு, வெளியூரிலாவது இருக்கலாம் என்று மறுநாள் விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். புதுவயலில் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த கருப்பையா ஓர் அரிசி மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான்.

பெட்டியை மேலே ஏற்றக் கை கொடுத்த கண்டக்டர் பாதியிலேயே இறக்கி வைத்தார். "உள்ள என்னண்ணே, ஆள அடிச்சுப் போட்டுருக்கீகளா?"

"அம்மிக்குழவி."

"எங்குட்டுப் போறீக?"

"பினாங்குக்கு."

அவர் சிரிக்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். "வண்டி புதுவயலோட திரும்பிரும்ணே. அதுக்கு அங்குட்டு நீங்கதான் பாத்துக்கிறணும்."

தை மாதம். அறுவடை நெல்லெல்லாம் புதுவயலுக்கு வந்து குவிந்திருந்தது. ஊரில் மனிதரைவிட லாரிகள் அதிகம். அவித்த நெல்லின் வாடை பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டது. அந்த ஊரை விட்டுப் போகும்வரை விடவில்லை. மில்லுக்கு எதிரே இருந்த கிளப்புக் கடையில் சாப்பிட்டேன். இட்லி எங்கள் ஊர் இட்லியைவிடப் பெரிது. சட்னி எங்கள் ஊர்ச் சட்னியைவிடச் சிறிது. ஜனங்கள் நல்லவர்கள். அவர்கள் பேசும் பாஷை எனக்கும் தெரியும் என்பதால் கூட ஆள் தேவைப்படவில்லை.

மில் களத்தில் பெண்கள் நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பினாங்கு போகிற ஆள் என்று கருப்பையா என்னை அறிமுகப்படுத்தினான். வேலை நின்றுவிட்டது. ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். நானும் கண்ணால் பார்த்தவன் போலப் பதில் சொன்னேன். மழை தினமும் பெய்யும் என்றேன். ஆறு மாதத்துக்கு ஒரு பழம் காய்க்கும், அதை வீட்டுக்குள் வைத்தால் நாற்றம் தாங்காமல் வீட்டை விட்டு நாம் வெளியேற வேண்டும் என்றேன். அதைக்கூட நம்பினார்கள்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே ஒருத்தி கேட்டாள். "அங்க பொம்பளைக இப்புடித்தான் வெயில்ல நெல்லு கிண்டுறாகளா?"

"அங்கெல்லாம் மிசின்," என்றேன், பெருமையாக.

"அப்ப பொம்பளைக என்ன செய்வாக?"

யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. "போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன்," என்றேன்.

"பொம்பளைக என்ன செய்றாகன்னு பாக்கத்தான் கப்பலேறிப் போறீகளா? ஒங்க வீட்டுல தெரியுமா?"

களம் முழுக்கச் சிரித்தது. மில்லுக்குள் இருந்த மிஷினும் சிரித்த மாதிரி எனக்குப் பட்டது.

மத்தியானம் கருப்பையா என் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தான். "மாப்ளே, உப்புக்கண்டத்துல வாடை வருதுடா. கப்பல்ல கொண்டுபோனா மத்த ஆளுக எறங்கிருவாக." உப்புக்கண்டத்துக்கு அந்த வாடை எப்போதும் உண்டு என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் தெரியாத மாதிரி வறுத்துத் தின்றோம். சீடையும் அப்படியே மெதுவாகக் காலியானது. கொடுத்தனுப்பியவர்களை, வெளிநாட்டில் காத்திருக்கும் உறவுக்காரர்கள் சார்பில் நாங்கள் மனதார வாழ்த்தினோம்.

அங்கேயே இருந்திருப்பேன். ஆனால் மில் முதலாளி ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்றார். "நீங்க சர்க்கார் குமாஸ்தாவா இருந்தீகளாமே? சும்மா இருக்க நேரத்துல நம்ம கணக்கையும் கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்," என்று சொல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பழைய நாற்காலி. பலகையில் நல்ல பள்ளம். நான் கல்லலில் மாமன் வீட்டில் ஒரு அவசரம் என்று சொல்லிவிட்டுத் தவிட்டு லாரியில் ஏறிவிட்டேன்.

தவிட்டு லாரியில் பயணம் செய்ய நினைப்பவர்களுக்கு என் யோசனை, நினைக்க வேண்டாம். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்ததால் என்னை மேலே மூட்டைகள் மீது உட்காரச் சொன்னார்கள். காரைக்குடி தாண்டியதும் தார்ப்பாய் கட்டு அவிழ்ந்தது. கிழிந்த மூட்டைகளிலிருந்து தவிடு எழும்பியது. நான் கத்தியது டிரைவருக்குக் கேட்கவில்லை. வாயைத் திறந்ததில் தவிடுதான் உள்ளே போனது. வழியில் டயர் வேறு வெடித்தது. மாற்றுச் சக்கரம் எங்கே என்று தேடியபோது நான் உட்கார்ந்திருந்த மூட்டைகளுக்கு அடியில் இருந்தது. அத்தனை மூட்டையையும் இறக்கினோம், ஏற்றினோம். டிரைவர் பாராட்டினார். "நல்லாத் தூக்குறீக. எந்த மில்லுல வேலை பாக்குறீக?"

கல்லலில் என் தாய்மாமன் வீட்டு வாசலில் போய் நின்றேன். தலை, புருவம், மீசை எல்லாம் ஒரே நிறம். மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"யாருப்பா?"

"நான்தான் மாமா, ராமையா. பினாங்குக்குப் போறேன்."

"மாவு மில்லுக்குள்ள பூந்தா போறே?"

குளித்துவிட்டு வந்து விவரம் சொன்னேன். கல்லலில் இருப்பதாகப் பஞ்சவர்ணத்துக்கும் ஒரு கார்டு போட்டேன். மாமாவுக்குப் பரஸ்தானம் பற்றிச் சந்தேகம் எதுவும் இல்லை. கப்பல் பற்றித்தான் கேள்வி. எப்போது வரும் என்று தெரியாது என்றதும் அவர் முகம் மலர்ந்தது. வயலில் கடலை பிடுங்கும் வேலை நடந்துகொண்டிருந்தது, ஆள் பற்றாக்குறை.

"பினாங்குல என்ன வேலை?"

"மளிகைக்கடை மாமா."

"அங்க கடலை விப்பீகள்ல?"

"விப்போம்."

"அப்ப அது எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுட்டுப் போ," என்று வயலுக்கு அழைத்துப் போனார்.

இவ்விதமாக, உத்தியோகத்தை விட்டுத் தொழில் செய்யப் புறப்பட்ட நான் முதலில் செய்த தொழில் கடலை பிடுங்குவது. மண் இறுகிக் கிடந்தது. செடியைப் பிடித்து இழுத்தால் செடி வந்தது, கடலை உள்ளேயே தங்கியது. பக்கத்து வரிசையில் இருந்த அம்மாள், "செடிக்கு வலிக்குமேன்னு இழுக்குறீகளா?" என்று கேட்டார். பொழுது சாய்வதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பச்சைக்கடலையை வேலைக்கு இடையிடையே தின்றதில் வயிறு தனியாக ஒரு போராட்டம் நடத்தியது. கேப்பைக்கூழும் கருவாடும் கொடுத்தார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன்; புதுவயல் சட்னிக்கு அது எவ்வளவோ மேல்.

"கப்பல் மெதுவா வரட்டும்ப்பா," என்று மாமா தினமும் சாமி கும்பிடும் குரலில் சொன்னார். "இன்னும் ரெண்டு வயல் கெடக்கு."

அந்த வயலில்தான் என் உறுதி ஆட ஆரம்பித்தது. இதுவரை வேடிக்கையாக இருந்தது. முதுகு நிமிர்த்த முடியாமல் வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், அந்த ஆபீஸ் நாற்காலியை நினைத்தேன். அதன் பள்ளத்தை நினைத்தேன். எவ்வளவு வாகாக இருந்தது! பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே, சொந்த மாமன் வயலிலேயே இந்தக் கதி என்றால், யாரும் தெரியாத தேசத்தில் என்ன கதி? பெரியப்பா மகனும் என்னைப் பார்த்ததும் ஏதாவது ஒரு வயலைக் காட்டினால்?

மறுநாள் மாமா என்னைக் கண்டரமாணிக்கத்துக்கு அனுப்பினார். அவருக்குத் தெரிந்த வீட்டில் கல்யாணம். "எனக்கு வேலை கெடக்கு. நீ சும்மாத்தான இருக்கே, ஒரு எட்டுப் போயி தலையக் காட்டிட்டு வா." நான் சும்மா இருந்தது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி அந்த வயலுக்கு வரும் எண்ணம் எனக்கு இல்லாததால், காரைக்குடியில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். மாமா வீட்டில் வேலை பார்த்த சோணை சைக்கிளை மிதிக்க, நான் முன்கம்பியில், பெட்டி பின்னால். குழவியின் கனத்தில் மேட்டில் ஏறும்போதெல்லாம் முன்சக்கரம் என்னையும் சேர்த்துக்கொண்டு வானத்தைப் பார்த்தது. "அசையாதீக, அசையாதீக," என்று சோணை சொல்லிக்கொண்டே வந்தார். அசைந்தது நான் இல்லை.

கல்யாண வீடு கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டது. பந்தலில் நின்ற பெரியவருக்கு யாரோ அரைகுறையாகச் சொல்லியிருக்க வேண்டும். "பினாங்குக்காரக வந்துருக்காக, முன்னால உக்கார வைங்கப்பா!" என்று சத்தம் போட்டார். பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"எப்ப வந்தீக?"

"காலைலதான்." பொய் இல்லை.

"கப்பல்ல ரொம்பக் கஷ்டமோ?"

"குலுங்கிருச்சு." அதுவும் பொய் இல்லை.

ஒரு கிழவர் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு விளக்கினார். "கறுத்துட்டாரு பாருங்க. கடல் காத்து அப்புடித்தான் பண்ணும்." கொப்பளித்த உள்ளங்கையை மூடிக்கொண்டேன்.

முதல் பந்தியில், இலைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்த் துவையல், கவுனி அரிசி, பால் பணியாரம். பால் பணியாரத்தை வாயில் போட்டதும்தான் பக்கத்து இலைக்காரரைப் பார்த்தேன். எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க் பரமசிவம். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம்.

"ராமையா! இப்பத்தான போனே, அதுக்குள்ள பினாங்கு பாத்துட்டு வந்துட்டியா?"

தாழ்ந்த குரலில் உண்மையைச் சொன்னேன். அவர் சாம்பாரைக் குழைத்துக்கொண்டே கேட்டார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"நான் ஒண்ணு சொல்றேன் கேளு. உன் ராஜினாமாவ நான் இன்னும் மேல அனுப்பல. எம் மேசையிலதான் இருக்கு. ஏதோ வேகத்துல எழுதிட்டே, ஆறட்டும்னு வச்சேன். திங்கக்கிழமை வந்து எப்பவும் போல உக்காந்துரு. கிழிச்சுப் போட்டுருவோம், ஒருத்தருக்கும் தெரியாது."

"நாக்காலி..."

"அப்புடியே இருக்கு. ஒருத்தரையும் உக்கார விடல." பிறகு நியாயமாகவும் ஒன்று சொன்னார். "நீ விட்டுட்டுப் போன கட்டெல்லாம் எந் தலையிலதானப்பா வந்து விடிஞ்சிருக்கு. நாளைக்கு உங்க ஊருப் பக்கம் ஒரு சோலி இருக்கு. வீட்டுக்கே வாரேன். சரின்னா சரின்னு சொல்லு. இல்லேன்னா திங்கக்கிழமை அனுப்பிருவேன், அதுக்கு மேல வச்சிருக்க முடியாது."

கையிலிருந்த பால் பணியாரத்தை இலையில் வைத்தேன். பிறகு எடுத்துத் தின்றேன். அடுத்ததையும் வாங்கிக்கொண்டேன். எந்தக் கவலையும் என் சாப்பாட்டை நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை.

மறுநாள் ஊருக்குத் திரும்பினேன். தெரு வழியாகப் போகத் தைரியம் இல்லை. கண்மாய்க்கரையில் சுற்றி, வேலியைத் தாண்டி, என் வீட்டுக் கொல்லையில் திருடன் மாதிரி இறங்கினேன். பெட்டி முதலில் விழுந்தது, நான் பிறகு விழுந்தேன். பசு தாவி எழுந்து ஊரைக் கூட்டுவது போலக் கத்தியது. அரிசி களைந்த தண்ணீரோடு பஞ்சவர்ணம் கொல்லைவாசலுக்கு வந்தாள். தண்ணீரை வீசிய பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"யாரு?"

"நான்தான்," என்றேன், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"நெலவாசல்ல கால வச்சுராதீக," என்று குறுக்கே நின்றுகொண்டாள்.

வந்த வழியெல்லாம் யோசித்து வைத்த நியாயம் ஒன்று என்னிடம் இருந்தது. "இங்க பாரு. ஜோசியர் நேரம் குறிச்சது முன்வாசலுக்கு. இது கொல்லைவாசல். இதப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல."

"கொல்லைவாசல் வழியா வாரது மாடும் களவாணியுந்தான். நீங்க எதுல சேத்தி?"

"பசிக்குது பஞ்சு."

அதற்கு மட்டும் இளகினாள். மாட்டுக்கொட்டகையில் ஒரு பலகையைப் போட்டு, இலை போட்டு, சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். புளி தூக்கலாக இருந்தது. பசு என் தோளுக்கு மேலாக இலையை எட்டிப் பார்த்தது. வெளிநாடு கிளம்பியதிலிருந்து நான் சாப்பிட்ட முதல் நல்ல சாப்பாடு அது.

"நேத்தே தந்தி வந்துருச்சு," என்றாள். "இன்னைக்குச் சாயங்கால ரயிலப் புடிச்சாத்தான் கப்பலுக்குப் போய்ச் சேரலாம். கல்லலுக்கு ஆள் விட்டேன். கல்யாண வீட்டுக்குப் போயிட்டீகன்னு திரும்பி வந்துட்டான்."

குழம்பு ருசி போய்விட்டது. பரமசிவம் சொன்னதை அவளிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். அவள் பசுவுக்கு வைக்கோலை உதறிப் போட்டாள்.

"நீங்க என்ன சொல்றீக?" என்று கேட்டாள் கடைசியில்.

"அவரு சொல்றாரு, மாசம் பொறந்தாச் சம்பளம், பிற்பாடு பென்சன்..."

"நான் அவரக் கேக்கல. உங்களக் கேட்டேன்."

முன்வாசலில் சைக்கிள் மணி அடித்தது. "ராமையா இருக்காராம்மா?" என்று பரமசிவத்தின் குரல். எங்கள் வீடு சின்ன வீடு. கொல்லைவாசலில் இருந்து பார்த்தால் முன்வாசல் வரை நேராகத் தெரியும். நான் சோற்றுக்கையோடு எழுந்து கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வதற்காக நின்றாள். ஒரு சொல் போதும். நான் வாயைத் திறந்தேன். வாய் நிறையச் சோறு இருந்தது.

அவள் முன்வாசலுக்குப் போனாள்.

"அவுக பினாங்கு போயிட்டாகளே."

"நேத்துக் கண்டரமாணிக்கத்துல எம் பக்கத்து இலையில பாத்தேனேம்மா?"

"போற வழியில சாப்புட நின்டுருப்பாக."

பரமசிவம் சைக்கிளைத் திருப்பினார். "அப்ப அந்தக் காகிதத்த மேல அனுப்பிறவாம்மா? அனுப்பிட்டா அம்புட்டுத்தான். நல்லா யோசிச்சுச் சொல்லு."

பஞ்சவர்ணம் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். வீட்டின் நீளத்துக்கும் திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணாலேயே அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. இலையைப் பார்த்தேன், பசுவைப் பார்த்தேன். சோற்றை விழுங்கினேன். அந்தப் பள்ளம் எனக்குப் பொருந்திப்போன மத்தியானத்தை நினைத்துக்கொண்டேன். தலையை ஆட்டினேன், அனுப்பட்டும் என்று. பசுவும் ஆட்டியது, அதை அவள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

"அனுப்பிருங்க," என்றாள் அவரிடம்.

சைக்கிள் மணி தெருக்கோடி வரை கேட்டது. அந்தச் சத்தத்தோடு என் பென்ஷனும் போய்விட்டது. கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். வேலிக்கு அந்தப் பக்கம் பெட்டியைத் தூக்கி வைக்கக் கைகொடுத்தாள். மாற்றுவேட்டி ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள், அதையும் என் கையில் திணித்தாள். வேலியில் ஒரு காலைப் போட்டவன் அடுத்த காலைத் தூக்காமல் நின்றேன். ஊர் சிரிக்கும்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்துச் சமாளித்தவன். அங்கே சிரிக்க யாரும் இல்லை.

"பஞ்சு," என்றேன். "ஒருவேளை அங்க போயும் ஒண்ணும் சரிப்பட்டு வரலேன்னா?"

அவள் நான் சாப்பிட்ட இலையை எடுத்துப் பசுவுக்குப் போட்டுவிட்டு, கொல்லைக்கதவைச் சாத்தப் போனாள்.

"அப்ப முன்வாசல் வழியா வாங்க."